வாசகர் கேள்வி – பதில்: மலை மேல் ஹேங் கிளைடர் போட்டி

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நாட்டாலில் வட்டார அளவில் ஹேங் கிளைடர் (பைலட் கீழே தொங்கியபடி ஓட்டும், எஞ்சின் இல்லாத துணி இறக்கை) போட்டி நடத்துவது பற்றி வாசகர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். பறப்பவர்களைவிட அவர்கள் வீட்டுக்காரர்களும் தொண்டர்களும் கேட்டவைதான் அதிகம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இம்மாதம் பதில் தருகிறோம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்: எங்கள் கிளப்பில் இருபதுக்கும் மேற்பட்ட பைலட்டுகள் இருக்கிறார்கள். டிராகன்ஸ்பர்க் மலையடிவாரத்துப் புல்வர் பக்கம் நான்கு நாள் போட்டி நடத்த ஆசை. எதிலிருந்து தொடங்குவது?

கோப்பையும் டி-ஷர்ட்டும் கடைசி வேலை. முதல் வேலை இறங்கு திடல். மலை உச்சியில் நின்று பறக்க ஒருவர் அனுமதி தந்தாலே போதும். ஆனால் இருபது கிளைடர்கள் எங்கெங்கே இறங்கும் என்பது காற்றின் கையில். ஆகவே மலையின் சொந்தக்காரர், அடிவாரத்துத் திடலின் சொந்தக்காரர், பாதையில் உள்ள பெரிய பண்ணைகள், காட்டு மரத் தோட்டக் கம்பெனி என எல்லாரையும் குறைந்தது ஒன்பது மாதம் முன்பே போய்ப் பாருங்கள். அந்தப் பகுதியில் நிறைய நிலம் இங்கோன்யாமா டிரஸ்ட் (பாரம்பரியச் சமூக நிலங்களுக்கான அறக்கட்டளை) பொறுப்பில் இருக்கிறது. அங்கே பத்திரத்தைக் காட்டிப் பேசிப் பயனில்லை. ஊர்த் தலைவரான இண்டுனாவைப் பார்த்து, அவர் வழியாக அவருக்கு மேலுள்ள பாரம்பரியத் தலைவரான இன்கோசியிடம் சொல்லி, பிறகுதான் கடிதம். போகும்போது எந்த வாசற்கதவு மூடியே இருக்க வேண்டும், மாடு எங்கே மேயும், எந்த வயல் விதைத்திருக்கிறது என்று கேட்டு வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு வந்த ஒரே ஒரு ரெட்ரீவ் வண்டியால் (இறங்கிய பைலட்டுகளை ஏற்றி வரும் வண்டி) அடுத்த வருடப் போட்டிக்கே இடம் இல்லாமல் போகும்.

அடுத்தது சங்கம். தென்னாப்பிரிக்க ஹேங் கிளைடிங் பாராகிளைடிங் சங்கத்திடம் தேதியைப் பதிவு செய்யுங்கள். உலகத் தரவரிசைக்கான புள்ளிகளும் வேண்டுமென்றால் உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பின் இரண்டாம் நிலைப் போட்டியாக முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். அதற்குக் கட்டணம் உண்டு. உள்ளூர் விதிப்புத்தகமும் எழுதி இணைக்க வேண்டும். முதல் வருடமே அதில் இறங்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ஒரு முறை கிளப் அளவில் நடத்தி, ஓட்டைகள் எங்கே என்று தெரிந்துகொண்டு பிறகு போங்கள்.

ஆள் பங்கீட்டில் ஒரு கண்டிப்பு: போட்டி இயக்குநர், பாதுகாப்புப் பொறுப்பாளர், ஏறுதளப் பொறுப்பாளர், புள்ளி கணக்கிடுபவர், ரெட்ரீவ் ஒருங்கிணைப்பாளர் ஆகிய ஐந்து பேரும் அந்த நாட்களில் பறக்கக் கூடாது. ‘காலையில் நான் பார்த்துக்கொள்கிறேன், மத்தியானம் கொஞ்சம் பறந்துவிட்டு வருகிறேன்’ என்று சொல்லும் இயக்குநர் இருக்கிற போட்டியில், ஏதாவது நடக்கும் நேரத்தில் அவர் 2000 மீட்டர் உயரத்தில் இருப்பார்.

சாட்ஸ்வொர்த் வாசகர்: ஈஸ்டர் நீண்ட விடுமுறையில் வைக்கலாமா, செப்டம்பரில் பாரம்பரிய தினத்தை ஒட்டி வைக்கலாமா?

இரண்டிலும் சிக்கல் இருக்கிறது. ஈஸ்டரில் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் திருவிழா. நம் தொண்டர்களில் பாதிப் பேர் அங்கே நிற்பார்கள். மேலும் மார்ச் கடைசி வரை டிராகன்ஸ்பர்க் அடிவாரத்தில் மத்தியான இடி மழை ஓய்ந்தது என்று நம்ப முடியாது.

செப்டம்பரில் தொல்லை வேறு. அது பெர்க் காற்றுக் காலம். உள்நாட்டு மேட்டு நிலத்திலிருந்து காற்று கடலை நோக்கி இறங்கும்போது அழுத்தப்பட்டுச் சூடாகி, வறண்டு வீசும். காலையில் வானம் பளிச்சென்று இருக்கும், வெயில் உறைக்கும், ஆள் எல்லாம் இன்று அருமையான நாள் என்பார்கள். மலைச்சரிவின் மறுபக்கத்தில் காற்று சுருண்டு அடித்துக்கொண்டிருக்கும். பின்னாலேயே குளிர்முகம் வந்து, சில நிமிடத்தில் காற்று தென்மேற்குக்குத் திரும்பி வேகமெடுக்கும். புல்லும் காய்ந்து கிடப்பதால் சூடான சைலன்சர் பட்டாலே தீ.

ஏப்ரல் 27 சுதந்திர தினம், மே 1 தொழிலாளர் தினம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களை முதலில் பாருங்கள். இடி மழை பெரும்பாலும் ஒடுங்கியிருக்கும், தெர்மல் (கிளைடரைத் தூக்கும் சூடான மேலெழு காற்று) இன்னும் உயிரோடு இருக்கும். விலை என்னவென்றால் பகல் சுருங்கிவிடும். சூரியன் ஐந்தரையை ஒட்டி மறைகிறது. எனவே ஏறுதளம் 2 மணிக்கு மூடல், எல்லாரும் தரையில் இருக்க வேண்டிய நேரம் 4.30 என்று விதியிலேயே எழுதிவிடுங்கள்.

டோங்காட் வாசகர்: ஏறுதளத்தில் 30 கிளைடர் என்றால் எவ்வளவு இடம், எவ்வளவு நேரம்?

மடித்த கிளைடர் ஐந்தரை முதல் ஆறு மீட்டர் நீளம், எடை ரகத்தைப் பொறுத்து 25 முதல் 36 கிலோ. விரித்தால் பத்து மீட்டர் அகலம். ஒரு கிளைடருக்குப் பத்துக்குப் பத்து மீட்டர் என்று வைத்துக்கொண்டு, நடுவே ஆள் போக வழியும் விட்டால், முப்பதுக்கு ஏறக்குறைய அரை கால்பந்து மைதானம் தேவை. அவ்வளவு சமதளம் உச்சியில் கிடைக்காது. அப்போது இரண்டு அலையாகப் பிரியுங்கள்: முதல் பதினைந்து பேர் 9 மணிக்குக் கிளைடரை விரித்துப் பூட்டத் தொடங்கட்டும், மற்றவர்கள் 10 மணிக்கு. பூட்டி முடிக்க ஒருவருக்கு முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம் ஆகும்.

விரித்த கிளைடரை யாரும் இல்லாமல் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போவதுதான் ஏறுதளத்தில் கிளைடர் உடைவதற்கு முதல் காரணம். உச்சியில் தெர்மல் கிளம்பும்போது சிறு சுழற்காற்று எங்கிருந்தோ வரும். பக்கத்துப் புல் ஆடக்கூட ஆடாது, ஒரு கிளைடர் மட்டும் எழும்பி அடுத்ததன் மேல் கவிழும். மூக்கைத் தரையில் படுக்கவைத்து, மூக்குக் கம்பியைத் தரை ஆணியில் கட்ட வேண்டும். கிளைடருக்கு ஓர் ஆணி, இரண்டு மீட்டர் கயிறு என்று அமைப்பாளரே வாங்கி வைப்பது நல்லது. பைலட்டுகள் மறந்துவிட்டுத்தான் வருவார்கள்.

ஓடும் பாதை இரண்டு இருந்தால், ஒருவருக்கு 90 நொடி என்று கணக்கிட்டால், முப்பது பேர் 23 நிமிடத்தில் போய்விடலாம். இது காகிதக் கணக்கு. காற்று நின்று நின்று வீசும், ஒருவர் தயங்குவார், ஒருவர் திரும்புவார். இரட்டிப்பாக 45 நிமிடம் என்று வைத்துக்கொண்டு ஏறுதளம் திறக்கும் நேரத்தை முடிவு செய்யுங்கள். தயாராகிவிட்டு ஓடாமல் நிற்பவருக்கு விதிப்படி ஒரு நிமிடம், பிறகு வரிசையின் கடைசி. கொஞ்சம் கறாராக இருக்கும் ஆளைத்தான் ஏறுதளப் பொறுப்பில் வைக்க வேண்டும். எல்லாருக்கும் பிடித்த ஆள் அந்த வேலைக்கு உதவமாட்டார்.

வெருலம் தாயார் ஒருவர்: என் மகன் ‘வயர் பிடிக்க’ தொண்டனாகப் போகிறேன் என்கிறான். ஆபத்தா? என்ன செய்ய வேண்டும்?

அம்மா, முறையாகச் சொல்லிக் கொடுத்தால் பயப்பட வேண்டியதில்லை. அவன் செய்யப்போகும் வேலை இதுதான்.

காற்று பலமாக இருக்கும்போது பைலட் ஒருவரால் மட்டும் கிளைடரைச் சமமாக நிறுத்த முடியாது. இடப்பக்கக் கம்பியில் ஒருவர், வலப்பக்கக் கம்பியில் ஒருவர், மூக்கில் ஒருவர் என மூவர் பிடிப்பார்கள். கம்பி மெல்லிய எஃகுக் கயிறு. ஓர் இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தால் ஊசி மாதிரி குத்தும், ஆகவே தோல் கையுறை கட்டாயம். கையில் சுற்றிப் பிடிக்கவே கூடாது. விரலை மடக்கி, விட்டால் உடனே நழுவும்படி பிடிக்க வேண்டும். மோதிரம், காப்பு, கழுத்துத் துண்டு எல்லாம் வீட்டில். மணிக்கட்டில் கோயில் கயிறு கட்டியிருந்தால் கையுறைக்குள் போட்டுக்கொள்ளட்டும்.

பக்கத்தில் நிற்பவன் இழுக்கவோ தள்ளவோ கூடாது. கம்பி தன்னை எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை மட்டும் சத்தமாகச் சொல்ல வேண்டும்: ‘அப்’, ‘டவுன்’, ‘நியூட்ரல்’. இரண்டு பக்கமும் நியூட்ரல் என்று வந்தால்தான் பைலட் கிளம்பத் தயார் ஆவார். அவர் ‘கிளியர்’ என்று கத்தியதும் மூக்கில் இருப்பவர் குனிந்து பக்கவாட்டில் விலக வேண்டும், பக்கத்தில் இருப்பவர்கள் கையை விட்டு அப்படியே கீழே உட்கார வேண்டும். பின்னால் ஓடக் கூடாது. இறக்கை முனை அந்தப் பக்கம்தான் வீசிப் போகும். எந்தக் காரணத்துக்காகவும் ஒருவர் மட்டும் பிடித்துக்கொண்டே இருக்கக் கூடாது. ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் விடாமல் இருந்தால் கிளைடர் அந்தப் பக்கமாகத் திரும்பி மலையில் மோதும். ‘உதவி செய்கிறேன்’ என்று நினைத்து ஒரு நொடி கூடுதலாகப் பிடிப்பதுதான் இந்த வேலையில் நடக்கும் பெரிய தவறு.

இரண்டு பாதைக்கு ஆறு பேர், மாற்று ஆளாக இருவர், ஆக எட்டுப் பேர். முதல் நாள் காலையில் ஒரு கிளைடரை வைத்து ஒவ்வொருவரும் ஐந்து முறையாவது பழக வேண்டும்.

அதே தாயார்: பைலட் கொக்கி மாட்டாமலே ஓடிவிட்டார் என்று ஒரு செய்தி படித்தேன். அது எப்படி நடக்கும்?

இதற்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும். இது அனுபவசாலிகளுக்குத்தான் அதிகம் நடக்கிறது.

பைலட் கிளைடரோடு ஒரு பட்டையிலும் ஒரு கரபினரிலும் (பூட்டும் கொக்கி) தொங்குகிறார். கிளம்பும் முன் ‘ஹேங் செக்’ செய்ய வேண்டும்: மூக்கை ஒருவர் பிடித்துக்கொள்ள, பைலட் முழு எடையோடு படுத்துத் தொங்குவார். மார்புக்கும் கையால் பிடித்து ஓட்டும் கீழ்க் கம்பிக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு முஷ்டி இடைவெளி இருக்க வேண்டும். கரபினர் பூட்டியிருக்கிறதா, முதன்மைப் பட்டையும் மாற்றுப் பட்டையும் இரண்டுமே உள்ளே வந்திருக்கின்றனவா, கால் வளையம் மாட்டியிருக்கிறாரா, பாராசூட் ஊசி சரியாக இருக்கிறதா, ஹெல்மெட் பக்கிள் போட்டாயிற்றா என்று பிடிப்பவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

தவறு இங்கே நடப்பதில்லை, இதற்கும் பிறகு நடக்கிறது. ஹேங் செக் முடிந்தது. காற்று நின்றுபோனது. கையுறை வண்டியில் இருக்கிறதே என்று கரபினரைக் கழற்றிவிட்டுப் போகிறார். திரும்பி வருகிறார். காற்று மறுபடி வந்துவிட்டது, பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். ‘செக் பண்ணியாச்சு’ என்பது மட்டும் மனதில் இருக்கிறது. கிளைடரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்.

ஆகவே போட்டி விதியில் இரண்டு வரி சேருங்கள். கரபினரைக் கழற்றியவர் வரிசையை விட்டு வெளியேறிவிட்டார் என்றே பொருள், மறுபடி முதலிலிருந்து. மூக்கைப் பிடிப்பவர் ‘கிளியர்’ கேட்பதற்கு முன் பைலட்டின் முதுகுப்பக்கம் பட்டை இறுகியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். பைலட் கிளைடரைச் சற்றே உயர்த்தி, கால் வளையம் தொடையில் இறுகுவதை உணர்ந்த பிறகே ஓட வேண்டும். ஹார்னஸை (பைலட் அணிந்து தொங்கும் உறை) முதலில் கிளைடரில் மாட்டி, பிறகு அதற்குள் ஆள் நுழையும் பழக்கம் ஆஸ்திரேலியாவில் பரவலாக இருக்கிறது. அப்படிச் செய்பவர் ஹார்னஸோடு இருந்தால் கிளைடரோடும் இருக்கிறார்.

ஃபீனிக்ஸ் வாசகர்: இறக்கை முனையில் எதையோ கோண அளவியால் அளக்கிறார்கள். அது எதற்கு?

ஸ்ப்ராக். துணிக்குள்ளே, இறக்கை முனையை ஒட்டி இருக்கும் சிறு குழாய்கள். மூக்கு திடீரென்று கீழே குத்தும்போது துணியின் பின்விளிம்பு தொய்ந்து விடாமல் தாங்கிப் பிடித்து, மூக்கை மறுபடி தூக்கும் வேலை அவற்றுடையது. அதைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்தால் இழுவை குறைந்து வேகம் கூடும், கையில் பாரமும் தெரியாது. போட்டி என்று வந்தால் ஆசை வரத்தானே செய்யும். ஆனால் கொந்தளிப்பில் அப்படிப்பட்ட கிளைடர் குட்டிக்கரணம் போடும், குழாய் ஒடியும்.

இறக்கைத் துணியை இறுக்கும் கயிற்றை முழுக்க இழுத்த நிலையில், நடுக்குழாயின் கோணத்தை ஒப்பிட்டு இரண்டு பக்க ஸ்ப்ராக்கின் கோணத்தையும் டிஜிட்டல் அளவியால் எடுக்க வேண்டும். அந்த மாடலுக்கும் அளவுக்கும் தயாரிப்பாளர் தந்த சான்றிதழ் எண்ணோடு ஒப்பிட வேண்டும். மாடல் ஒன்றாக இருந்தாலும் அளவு மாறினால் எண் மாறும். இதில்தான் தகராறு வரும். காற்று வீசும் வெளியில் அளந்தால் எண் நிலைக்காது. பள்ளி மண்டபமோ பண்ணைக் கொட்டகையோ வேண்டும், கிளைடருக்குப் பதினைந்து நிமிடம். போட்டிக்கு முந்தைய நாள் எல்லாரையும், பிறகு தினமும் இறங்கு திடலில் குலுக்கலில் ஓரிருவரை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் கணக்கு ஆசிரியை ஒருவர்: நாளுக்கு 1000 புள்ளி என்றார்கள். அன்று முதலில் வந்தவருக்கே 500 சொச்சம்தான் கிடைத்தது. கணக்கில் பிழையா?

பிழை இல்லை. பெரும்பாலான போட்டிகளில் ‘கேப்’ என்ற முறையில் புள்ளி போடுகிறார்கள். கெரோல்ஃப் ஹைன்ரிக்ஸ், ஆஞ்சலோ கிராபன்சானோ, பால் மோலிசன் மூவரும் சேர்ந்து உருவாக்கியது. அவர்கள் பெயர்களின் முதலெழுத்துதான் அந்தப் பெயர். அதன்படி முதலில் அந்த நாளுக்கே ஒரு மதிப்பு போடப்படும். எத்தனை பேர் கிளம்பினார்கள், எவ்வளவு தூரம் போனார்கள், எவ்வளவு நேரம் ஆனது என்ற மூன்று மதிப்புகளை (ஒவ்வொன்றும் 0 முதல் 1 வரை) ஆயிரத்தோடு பெருக்கினால் வருவதுதான் அன்றைய ‘ஆயிரம்’.

கணக்கு ஆசிரியை என்பதால் எண்ணோடு சொல்கிறோம். போட்டி தொடங்கும் முன் அமைப்பாளர் சில எண்களை நிர்ணயிக்கிறார். குறைந்தபட்ச தூரம் 5 கிலோமீட்டர், இலக்கை எட்டுவோர் 30 சதவீதம், எதிர்பார்க்கும் தூரம் 40 கிலோமீட்டர் என்று வைப்போம். மிக நீண்ட பறத்தலும் 40 என்றால், தூர மதிப்பு முழுமையாக 1 ஆக இருக்க, பறந்தவர்கள் குறைந்தபட்சத்துக்கு மேல் சராசரியாக (1.3 × 35) ÷ 2, அதாவது 22.75 கிலோமீட்டர் போயிருக்க வேண்டும். ஆக மொத்தச் சராசரி 27.75. இப்போது அதே நாள், அதே பறத்தல், ஆனால் அமைப்பாளர் ஆசைப்பட்டு எதிர்பார்க்கும் தூரத்தை 60 என்று எழுதிவிட்டார். தேவைப்படும் சராசரி (1.3 × 55) ÷ 2 = 35.75. நம்மவர்கள் போனது 22.75. தூர மதிப்பு 0.64 ஆகிவிடும். யாரும் இலக்கை எட்டாத நாள் என்றால் நேர மதிப்பும் குறைந்து இன்னும் கீழே இழுக்கும்.

கிளம்பாதவர்களாலும் மதிப்பு குறையும். இருபது பேரில் பதினைந்து பேர் கிளம்பினால் அந்த மதிப்பு 0.87, பத்தே பேர் என்றால் 0.53. இது தண்டனை இல்லை. பாதிப் பேர் ஆபத்து என்று உட்கார்ந்த நாளில் மீதிப் பேர் எடுக்கும் புள்ளி, போட்டியையே முடிவு செய்துவிடக் கூடாது என்பதற்கான பூட்டு. ஏப்ரல் கடைசியில் புல்வர் பக்கம், பல நிலைப் பைலட்டுகள் கலந்த வட்டாரப் போட்டிக்கு எதிர்பார்க்கும் தூரம் 35 அல்லது 40 கிலோமீட்டர் போதும்.

புள்ளி கணக்கிடுபவருக்கு இன்னொரு எச்சரிக்கை. திருப்புமுனைகள் (பைலட்டுகள் தொட்டுத் திரும்ப வேண்டிய இடங்கள்) அடங்கிய கணினிக் கோப்பினை ஒரே ஆள், ஒரே வடிவில் தர வேண்டும். 29 டிகிரி 48.5 நிமிடம் என்பதை ஒருவர் 29 டிகிரி 48 நிமிடம் 50 நொடி என்று கருவியில் போட்டால் 20 நொடி வித்தியாசம்; தரையில் 600 மீட்டருக்கும் மேல். திருப்புமுனை வட்டத்தின் ஆரமோ 400 மீட்டர். பாவம், அவர் சரியாகத்தான் சுற்றிவிட்டு வந்தேன் என்று சத்தியம் செய்வார். கையால் தட்டச்சு செய்ய விடாதீர்கள். பதிவு மேசையிலேயே அந்தக் கோப்பினைக் கருவியில் ஏற்றிக் கொடுங்கள். பறந்த பாதையைப் பதியும் கருவி இரண்டு வைத்திருக்கச் சொல்லுங்கள், ஒன்றின் பாட்டரி நிச்சயம் போகும்.

லேடிஸ்மித் வாசகர்: பறந்துகொண்டிருக்கும்போது இடிமேகம் வந்தால்?

அன்றைய பறக்கும் பணியை நிறுத்த வேண்டும், தயக்கம் கூடாது. ரேடியோவில் பைலட்டுகள் நிலைமையை எண்ணால் சொல்வது வழக்கம்: 1 என்றால் நன்று, 2 என்றால் கடுமை, கவனம், 3 என்றால் ஆபத்து. நம்பகமான இரண்டு பேர் 3 என்றால் இயக்குநர் மேற்கொண்டு விவாதிக்க வேண்டியதில்லை. மேகம் தொலைவில்தானே என்று பார்க்காதீர்கள். மழையோடு இறங்கும் குளிர்காற்று முன்னோக்கி இருபது கிலோமீட்டருக்கும் மேல் ஓடி வரும். கிளைடரை வீழ்த்துவது மின்னலைவிட அந்தக் காற்றுதான்.

நிறுத்தினால் புள்ளி போய்விடும் என்ற பயத்தில் யாரும் மேகத்தடியில் ஓடக் கூடாது. அதற்காகத்தான் பின்னோக்கிக் கணக்கிடும் விதி இருக்கிறது. அறிவிப்பு வந்த நேரத்திலிருந்து ஒரு கிளம்பு-வாசல் இடைவெளி (அடுத்தடுத்த இரண்டு தொடக்க நேரங்களுக்கு நடுவேயுள்ள நேரம்), உதாரணமாக 15 நிமிடம், பின்னுக்குப் போய் அந்த நேரத்தில் இருந்த இடமே புள்ளிக்கு எடுக்கப்படும். அதற்குப் பிறகு முன்னேறியும் பயனில்லை என்று தெரிந்தால் எல்லாரும் ஒழுங்காக இறங்குவார்கள். இதைக் காலைக் கூட்டத்தில் தினமும் சொல்லுங்கள், சலித்தாலும் பரவாயில்லை.

ஸ்டாங்கர் வாசகர்: இருட்டும் வரை ஒருவர் வரவில்லை என்றால் என்ன செய்வது?

ஒரு பெரிய வெள்ளைப் பலகை, மூன்று கட்டம்: கிளம்பினார், பத்திரமாக இறங்கியதைச் சொன்னார், முகாமுக்கு வந்து கையெழுத்திட்டார். மூன்றும் நிரம்பாத பெயர் ஒன்று இருந்தாலும் ஒருங்கிணைப்பாளர் சாப்பிடப் போகக் கூடாது. கைபேசிச் செயலிகளும் பைலட் இருக்கும் இடத்தைக் காட்டும் நேரலைக் கருவிகளும் நல்லவைதான், ஆனால் தெற்கு டிராகன்ஸ்பர்க் பள்ளத்தாக்குகளில் சிக்னல் வந்து வந்து போகும். வாட்ஸ்அப் போகாத இடத்தில் சாதாரண எஸ்எம்எஸ் சில சமயம் போய்ச் சேரும். பைலட் அனுப்ப வேண்டியது மூன்றே விஷயம்: எண், நலம், இருக்கும் இடம்.

4.30-க்குத் தரை, 5 மணிக்குள் தகவல். 5 மணிக்குத் தேடல் தொடங்கிவிட வேண்டும், 7 மணிக்கு அல்ல. வரிசை இப்படி: நேரலைக் கருவியின் கடைசிப் புள்ளி, கடைசியாக அவரை யார் பார்த்தார், எந்த உயரத்தில், எந்தத் திசையில், அதே நேரத்தில் அருகே பறந்தவர்களின் பதிவு, பிறகு அந்தப் பாதையில் வண்டி. அரை மணியில் விடை இல்லையென்றால் காவல்துறை 10111, ஆம்புலன்ஸ் 10177. மலையில் என்றால் தென்னாப்பிரிக்க மலையேறும் கழகத்தின் மீட்புத் தொண்டர்கள் வருவார்கள். அவர்களை அழைக்கும் எண்ணைப் போட்டிக்கு முன்பே வாங்கிப் பலகையின் தலையில் எழுதிவையுங்கள். ஹெலிகாப்டர் வருகிறது என்றால் எல்லாக் கிளைடர்களும் தரையில், கட்டி. இறங்கும் இடத்தைச் சுற்றித் துணிப்பை ஒன்றுகூடப் பறக்கக் கூடாது.

பத்தில் ஒன்பது முறை ‘காணாமல் போனவர்’ வீட்டுக்காரியின் வண்டியில் ஏறி, போன் செத்துப்போய், விடுதியில் குளித்துக்கொண்டிருப்பார். அதற்கு விதி: தகவல் சொல்லாதவருக்கு அன்றைய புள்ளி பூஜ்யம். ஒரு முறை போட்டால் போதும், மறுநாள் எல்லாரும் சொல்வார்கள்.

ரெட்ரீவ் ஓட்டுநர்களுக்கு: அந்திக்கு மேல் ஆர் 617 சாலையில் மாடுகள் படுத்திருக்கும். நான்கு கிளைடரைக் கூரையில் கட்டிய வண்டி சட்டென்று பிரேக் பிடிக்காது.

ரிசர்வாயர் ஹில்ஸ் வாசகி: எங்கள் மகளிர் குழு சாப்பாடு செய்ய ஒப்புக்கொண்டிருக்கிறது. பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு) போடலாமா?

இரவுக்குத் தாராளமாக. பகலுக்கு வேண்டாம், ஹார்னஸுக்குள் வைத்தால் குழம்பு பாராசூட்டில் இறங்கும். பகலுக்கு ரொட்டியில் சுருட்டிய உருளைக்கிழங்கு, வாழைப்பழம், கடலை மிட்டாய். காலை 7 மணிக்கே பொட்டலம் தயாராக வேண்டும். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். வயர் பிடிக்கும் பிள்ளைகளுக்கு வேறாக எடுத்து வையுங்கள், அவர்களை எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

ஜோகன்னஸ்பர்க் வாசகர்: வேடிக்கை பார்க்கப் பொதுமக்களை அழைக்கலாமா? விமான நிலையத்துக்குச் சொல்ல வேண்டுமா?

அழைக்கலாம், இறங்கு திடலுக்கு, ஏறுதளத்துக்கு அல்ல. இரண்டாயிரம் பேர் கொள்ளும் இடம் என்ற அளவுக்குப் போனால் 2010-ஆம் ஆண்டின் விளையாட்டு நிகழ்வுப் பாதுகாப்புச் சட்டம் வந்து நிற்கும், அது வேறு உலகம். முதல் முறை சிறிதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

வான்வெளி விஷயத்தில், விமானப் போக்குவரத்து ஆணையத்தின் வழியே ‘நோட்டாம்’ (விமானிகளுக்கான எச்சரிக்கை அறிவிப்பு) வர வாரக்கணக்கில் முன்பே கேட்க வேண்டும். புல்வரிலிருந்து கிழக்கே பணி வைத்தால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் விமான நிலையத்தின் கட்டுப்பாட்டு வெளி குறுக்கே வரும். எல்லையைக் கோப்பாகக் கருவிகளில் ஏற்றிவிடுங்கள். உள்ளே போனவருக்கு அன்றைய புள்ளி இல்லை என்பதில் சலுகை வேண்டாம்.

ரிச்மண்ட் பக்கத்துக் கரும்பு விவசாயி: போன வருடம் ஒருவர் என் கரும்பில் இறங்கி வழியெல்லாம் மிதித்துவிட்டார். யார் பொறுப்பு?

இறங்கியவர்தான். மூன்றாம் நபர் காப்பீட்டுச் சான்று இல்லாதவரைப் பதிவு மேசையிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். விளைந்த கரும்பில் இறங்குவது பைலட்டுக்கும் கேடு. மேலிருந்து பார்த்தால் பச்சைப் புல் மாதிரி தெரியும், ஆனால் அதன் ‘தரை’ இரண்டு, மூன்று மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிளைடரைக் கரும்பின் நுனியில்தான் நிறுத்த வேண்டும். கீழ்த்தரையைக் கணக்கிட்டு வந்தால் கீழ்க் கம்பி தோகையில் மாட்டிக் குப்புற விழும். வேறு வழியே இல்லாமல் இறங்கிவிட்டால், அங்கேயே மடித்து, வரிசைக்கு நடுவே உள்ள சாலில் நீளவாக்கில் தூக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும், குறுக்கே இழுக்கக் கூடாது.

உங்களிடம் ஓர் உதவி. அந்த நாட்களில் கரும்புக்குத் தீ வைப்பதாக இருந்தால் காலையிலேயே அமைப்பாளருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். மேலே இருப்பவர்களுக்குக் காற்று எந்தப் பக்கம் என்று காட்ட அந்தப் புகையைவிட நல்ல கொடி இல்லை. ஆனால் தெர்மலைத் தேடி அதன் நேர் மேலே யாரும் வந்துவிடக் கூடாது.